பயன்பாட்டு மொழியியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இந்தப் பாடத்தைக் கற்பிக்கிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது, "அப்படியென்றால் ஸ்போக்கன் இங்கிலீஷா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "படித்தால் வேலை கிடைக்குமா?" இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. முதுகலையில் சேர நினைக்கும் மாணவர்கள், பெற்றோர், பள்ளி ஆசிரியர்கள், ஓரிரு வழக்கறிஞர்கள் எனப் பலரும் பல சமயங்களில் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. சில கேள்விகளுக்கு நாலு வரி போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரே வாக்கியத்தில் கேட்டால், இது எதைப் பற்றிய துறை?

மொழியை மையமாகக் கொண்ட நடைமுறைச் சிக்கல்களைக் கோட்பாட்டின் துணையோடும் கள ஆதாரத்தோடும் ஆராயும் துறை. கிறிஸ்டோபர் பிரம்ஃபிட் என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் 1995-ல் கொடுத்த வரையறையின் சாரம் இது. இன்றும் பாடநூல்கள் அதிகம் எடுத்தாள்வது இதைத்தான்.

வரையறையை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை என்பதால் ஓர் உதாரணம். 2018-ல் நடந்த நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருப்பதாக வழக்குத் தொடரப்பட்டது. கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் வழங்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஆண்டு ஜூலையில் உத்தரவிட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டப்படி விவகாரம் அதோடு முடிந்தது. மொழி சார்ந்த விவகாரம் அப்படியே இருக்கிறது. உயிரியல் நன்றாகத் தெரிந்த ஒரு மாணவி, கேள்வியின் தமிழ் குழப்பியதால் தவறான விடையைத் தேர்ந்தெடுத்தால், அவர் இழந்த மதிப்பெண் எதை அளக்கிறது? தமிழில் எழுதியவருக்கும் ஆங்கிலத்தில் எழுதியவருக்கும் வினாத்தாள் ஒரே அளவு கடினமாக இருந்தது என்று எப்படி நிறுவுவது? பிழை இருந்த கேள்விகளுக்கெல்லாம் எல்லோருக்கும் மதிப்பெண் தருவது பரிகாரமா, இன்னோர் அநீதியா? உயிரியல் ஆசிரியரால் மட்டும் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. மொழிபெயர்ப்பாளராலும் புள்ளியியல் வல்லுநராலும் தனித்தனியாக முடியாது. இவர்கள் மூவரும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டிய இடத்தில்தான் நம் துறையின் மொழித்தேர்வுக் கிளை நிற்கிறது.

மொழியியல் கண்டுபிடித்ததை எடுத்து நடைமுறையில் பயன்படுத்துவதற்குத்தானே இந்தப் பெயர்?

இல்லை என்பேன். ஆம் என்று சொல்பவர்களும் துறைக்குள் இருக்கிறார்கள், அவர்களும் சாதாரணமானவர்கள் அல்ல.

பிரிட்டிஷ் மொழியியலர் ஹென்றி விடோசன் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு கோடு கிழித்தார். மொழியியலைப் பயன்படுத்துவது வேறு, பயன்பாட்டு மொழியியல் வேறு என்றார். முதலாவது வகையில் கோட்பாடு முன்பே தயாராக இருக்கும். அதை எங்கே கொண்டுபோய்ப் பொருத்தலாம் என்று இடம் தேடுவார்கள். இரண்டாவது வகையில் சிக்கல்தான் முன்னே வரும். அதைத் தீர்க்க மொழியியல் உதவினால் மொழியியல், உளவியல் உதவினால் உளவியல், சமூகவியல் உதவினால் சமூகவியல்.

இந்தக் கோட்டின் பின்னால் பட்ட அனுபவம் இருந்தது. அமெரிக்க மொழியியலர் ராபர்ட் லாடோ 1957-ல் ஒரு யோசனையைப் பரவலாக்கினார்: தாய்மொழியையும் கற்கும் மொழியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், மாணவருக்கு எங்கே இடறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கேட்பதற்கு எவ்வளவு நேர்த்தி! ஆனால் வகுப்பறை அதற்குக் கட்டுப்படவில்லை. இடறும் என்று கணித்த இடத்தில் மாணவர்கள் சரளமாகப் போனார்கள். எளிது என்று நினைத்த இடத்தில் விழுந்தார்கள். 1966-ல் மொழி ஆசிரியர்களின் மாநாட்டில் பேசிய நோம் சோம்ஸ்கி, மொழியியலிலும் உளவியலிலும் கிடைத்த புரிதல்கள் மொழி கற்பிப்பதற்கு எந்த அளவு உதவும் என்பதில் தமக்குச் சந்தேகம் உண்டு என்றே சொன்னார். அவருடைய கோட்பாட்டை வைத்துப் பாடத்திட்டம் எழுதலாம் என்று காத்திருந்தவர்களுக்கு அது நல்ல அடி. ஒரு வகையில் அந்த அடிதான் துறையைச் சொந்தக் காலில் நிற்க வைத்தது.

எப்போது, எங்கே தொடங்கியது?

புத்தகக் கணக்குப்படி அமெரிக்காவில். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபிரைஸ் 1941-ல் ஆங்கில மொழி நிறுவனத்தைத் தொடங்கினார். 1948-ல் அங்கிருந்து வந்த ஆய்விதழ்தான் 'பயன்பாட்டு மொழியியல்' என்ற தொடரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. 1950-களின் பிற்பகுதியில் எடின்பரோவில் தனிப் பள்ளி வந்தது, 1959-ல் வாஷிங்டனில் பயன்பாட்டு மொழியியலுக்கென்றே ஒரு மையம் வந்தது. 1964-ல் பிரான்சின் நான்சி நகரில் சர்வதேசச் சங்கம் உருவானது.

சென்னைக்காரர்களுக்கு நான் வேறொரு தேதியும் சொல்வேன்: 1812. கிழக்கிந்தியக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இளம் அதிகாரிகளுக்கு நம் மொழிகளைக் கற்பிக்க, கம்பெனி அதிகாரி எல்லிஸ் முன்னின்று நடத்திய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அந்த ஆண்டு தொடங்கப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை என்று சொல்கிறோமே, அந்தக் கல்லூரி இதுதான். டி.பி.ஐ. என்று நமக்குப் பழகிய, இன்று பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகமாக இருக்கும் இடம் அதன் பழைய இருப்பிடம்.

அந்தக் கல்லூரியின் சிக்கல் முழுக்க முழுக்க நடைமுறை சார்ந்தது. வரி வசூலிக்கவும் வழக்கு விசாரிக்கவும் போகும் இளைஞனுக்குத் தமிழும் தெலுங்கும் தெரிய வேண்டும். எந்த மொழியை முதலில் கற்பிப்பது? சமஸ்கிருதம் படித்துவிட்டால் தெலுங்கு தானாக வந்துவிடும் என்று அப்போது பலரும் நம்பிய கருத்து சரியா? இதற்குப் பதில் தேடப் போன இடத்தில்தான், தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்ற வாதத்தை எல்லிஸ் வேர்ச்சொற்களை அடுக்கி எழுதினார். அது 1816-ல், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்பகுதியில் அச்சானது. அந்தத் தெலுங்கு இலக்கணமும் கல்லூரி மாணவர்களுக்கான பாடநூல்தான். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வர இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன.

மொழிக்குடும்பம் பற்றிய பெரிய கோட்பாடு ஒன்று, "பையன்களுக்கு எதை முதலில் கற்பிப்பது?" என்ற பாடத்திட்டக் கேள்வியிலிருந்து முளைத்திருக்கிறது. கோட்பாடு மேலே, பயன்பாடு கீழே என்று வரைபடம் போடுபவர்களுக்கு இதை நினைவூட்டுவது என் வழக்கம். கம்பெனியின் நோக்கம் ஆட்சி நடத்துவது, அதில் மயங்க ஒன்றுமில்லை. துறைக்கு அன்று ஒட்டிய அதிகார வாசனை இன்றும் முழுக்கப் போகவில்லை என்பது வேறு கதை; அதற்குப் பின்னால் வருகிறேன்.

நடைமுறையில் இது ஆங்கிலம் கற்பிக்கும் கலைதானே? ஆங்கிலத் துறைக்குள்தானே வைத்திருக்கிறார்கள்?

வைத்திருக்கிறார்கள். அதுதான் என் மனக்குறை.

உலகெங்கும் இந்தத் துறைக்குப் பணம் வந்தது பெரும்பாலும் ஆங்கிலம் கற்பிப்பதன் வழியாகத்தான். போருக்குப் பின் அமெரிக்காவும் பிரிட்டனும் தங்கள் மொழியைப் பரப்ப நிறையச் செலவிட்டன. நம் நாட்டிலும் 1958-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனம், இன்றைய இஃப்ளூ பல்கலைக்கழகம், இந்த வரவின் ஒரு பகுதி. அதனால் முதுகலை ஆங்கிலத்தில் ஒரு தாளாக இது நுழைந்தது. தமிழ்த் துறைகளில் மொழியியல் என்றாலே வரலாற்று ஒலியியலும் கல்வெட்டு இலக்கணமும் என்று நின்றுவிட்டது. தமிழைப் பள்ளியில் கற்பிப்பதில் உள்ள சிக்கலை யார் ஆராய்வது? ஆங்கிலத் துறை அது தன் வேலை இல்லை என்கிறது. தமிழ்த் துறை அதைப் பி.எட். கல்லூரியின் தலையில் கட்டிவிடுகிறது.

ஆங்கிலம் கற்பிப்பதைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகம் முழுவதும் இன்று பேசப்படும் 'பணிவழிக் கற்பித்தல்' முறைக்குத் தென்னிந்தியப் பள்ளிகளில்தான் பெரிய சோதனை நடந்தது. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் சில அரசு, உதவிபெறும் பள்ளி வகுப்புகளில் என்.எஸ். பிரபு அதை நடத்தினார். அப்போது அவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தார். இலக்கண விதியைச் சொல்லிக்கொடுத்துப் பயிற்சி வாங்கும் வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளிடம் ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து, இந்த ஊருக்கு எந்த ரயிலில் போனால் சீக்கிரம் போகலாம் என்பது போன்ற கணக்குகளை ஆங்கிலத்தில் போட வைத்தார்கள். கவனம் பொருளின் மேல் இருக்கும்போதுதான் மொழியின் வடிவம் மனத்தில் நன்றாகப் படியும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. முடிவுகளைப் பற்றி வாதப் பிரதிவாதம் நிறைய நடந்தது. மதிப்பீடு செய்தவர்களும் எச்சரிக்கையாகத்தான் ஆதரித்தார்கள். ஆனால் இந்தச் சோதனையை விட்டுவிட்டு அந்த முறையின் வரலாற்றை எழுத முடியாது. 1990-ல் அதே பிரபு, எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த கற்பித்தல் முறை என்று ஒன்று கிடையாது என்று கட்டுரை எழுதினார். விளம்பரப் பலகையில் 'முப்பது நாளில் ஆங்கிலம்' என்று போடுபவர்கள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

இந்தத் துறைக்கென்று சொந்தக் கோட்பாடு ஏதாவது உண்டா? எல்லாம் கடன் வாங்கியதா?

கடன் நிறைய உண்டு, சொந்தச் சம்பாத்தியமும் உண்டு. எடின்பரோவைச் சேர்ந்த பிட் கார்டர் 1967-ல், கற்பவர் செய்யும் பிழையைக் களையாகப் பார்க்காமல் தடயமாகப் பார்க்கச் சொன்னார். சிறு பிள்ளை ஒன்று 'வந்தேன்' என்பதற்குப் பதிலாக 'வாந்தேன்' என்று சொன்னால், அது காதில் விழுந்ததைத் தவறாகச் சொன்னதாக இருக்க முடியாது. அந்த வடிவத்தை அதனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 'வா' என்பதை எடுத்து, வேறு வினைகளில் தான் கண்டறிந்த விதியைப் பூட்டி, குழந்தையே உண்டாக்கியது. பிழைக்குள் ஒரு விதி இருக்கிறது. 1972-ல் லாரி செலிங்கர் இதை இன்னும் நீட்டி, இரண்டாம் மொழி கற்பவரின் மனத்தில் தாய்மொழியும் அல்லாத, கற்கும் மொழியும் அல்லாத ஓர் இடைமொழி இயங்குகிறது, அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு என்றார்.

நம் ஊர் ஆங்கிலத்தைக் கேளுங்கள். "எஸ்டர்டே இட்செல்ஃப் ஐ டோல்ட் யூ." இதில் 'இட்செல்ஃப்' எங்கிருந்து வந்தது? 'நேற்றே சொன்னேனே' என்பதில் இருக்கும் ஏகாரத்துக்கு ஆங்கிலத்தில் இடம் தேடி, கிடைத்த சொல்லில் உட்கார வைத்திருக்கிறோம். லண்டன்காரருக்கு இது பிழை. சென்னையில் பட்டம் பெற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் இப்படிப் பேசிப் புரிந்துகொள்கிறார்கள் என்றால் இன்னும் பிழைதானா? மொழியியலர் பிரஜ் கச்ரு 1960-களிலிருந்தே இந்திய ஆங்கிலத்தை ஒரு தனி வகையாகப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார். நான் அவர் பக்கம். ஆனாலும் விசா நேர்காணலுக்குப் போகும் மாணவனிடம் அந்த 'இட்செல்ஃப்'பை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்வேன். கொள்கைக்கும் அறிவுரைக்கும் நடுவில் இப்படி நெளிவது இந்தத் தொழிலில் சகஜம்.

தமிழ் கற்பிப்பதில் இந்தத் துறைக்கு என்ன வேலை? தாய்மொழி தானாக வராதா?

பேச்சுத் தமிழ் தானாக வரும். எழுத்துத் தமிழ் யாருக்கும் தானாக வராது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

ஒரே சமூகம் ஒரு மொழியின் இரண்டு வடிவங்களை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒன்று, மேடைக்கும் ஏட்டுக்கும் ஒன்று என்று பிரித்துப் புழங்குவதைச் சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் விவரித்தார். இரட்டை வழக்கு என்று நாம் சொல்வது அதைத்தான். அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹெய்தி கிரியோல் ஆகியவை அவர் விரித்துரைத்த நான்கு உதாரணங்கள். பின்னால் வந்தவர்கள் தமிழை இந்த வரிசையில் தவறாமல் சேர்த்தார்கள். வாஷிங்டனில் 1959-ல் தொடங்கிய மையத்தின் முதல் இயக்குநரும் இதே ஃபெர்குசன்தான். ஆக, இரட்டை வழக்கு என்ற கருத்தும் துறையின் முக்கியமான நிறுவனம் ஒன்றும் ஒரே ஆளிடமிருந்து ஒரே ஆண்டில் வந்தன. ஆனாலும் அந்தக் கருத்து மிக அதிகம் தேவைப்படும் நம் ஒன்றாம் வகுப்புக்கு அது இன்னும் ஒழுங்காக வந்து சேரவில்லை.

வியாசர்பாடியிலோ சைதாப்பேட்டையிலோ ஒன்றாம் வகுப்பில் உட்காரும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பாடநூலில் 'பறவை வந்தது' என்று இருக்கிறது. பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "பறவ வந்துச்சு" என்கிறது. ஆசிரியர் "தப்பு, ஒழுங்காகப் படி" என்கிறார். இங்கே நடந்தது என்ன? அந்தப் பிள்ளை எழுத்துகளைப் பார்த்து, சொல்லை உணர்ந்து, பொருளைப் பிடித்து, அதைத் தன் மொழியில் திருப்பிச் சொல்லியிருக்கிறது. வாசிப்பின் கடினமான பகுதியை முடித்துவிட்டது. இன்னொரு பிள்ளை "ப-ற-வை வ-ந்-த-து" என்று உரக்கச் சொல்லிப் பாராட்டு வாங்குகிறது. என்ன வந்தது என்று கேட்டால் விழிக்கிறது. நம் மதிப்பீட்டுத் தாளில் இரண்டாவது பிள்ளைக்குத்தான் 'நன்று'.

ஆசிரியர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, 'வந்துச்சு' என்பதற்கும் 'வந்தது' என்பதற்கும் உள்ள உறவைத் தவறு–சரி என்று பிரிக்காமல் இடம்–பொருத்தம் என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கு அவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. எந்த வயதில் எழுத்து வழக்கை அறிமுகப்படுத்தலாம், முதல் சில மாதங்களுக்குப் பேச்சுக்கு நெருக்கமான வாசகங்களைக் கொடுத்துப் பார்க்கலாமா, அப்படிக் கொடுத்தால் சென்னைப் பேச்சா, நெல்லைப் பேச்சா, எந்தச் சாதியின் பேச்சு, யாருடைய வீட்டுத் தமிழ்? கடைசிக் கேள்வியில் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். கொரோனாக் கால இடைவெளியை நிரப்ப 2022-ல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் விளையாட்டு, பாட்டு, நிலைவாரிப் பயிற்சி என்று நல்ல அம்சங்கள் உண்டு. இரட்டை வழக்கை நேரடியாகக் கையாளும் ஆய்வும் அதனோடு சேர்ந்து வளர்ந்தால் நம் துறை தன் இருப்புக்கு நியாயம் சொல்லிவிடலாம்.

அகராதிப் பணியில் இந்த நியாயம் ஓரளவு கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தபோது அதன் பெருமை பழைய நூல்களின் சொல்வளம். க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி 1992-ல் இதே நகரத்திலிருந்து வந்தபோது கேள்வியே மாறியிருந்தது: இன்று எழுதும் தமிழர் ஒரு சொல்லை எந்தப் பொருளில், எந்த வாக்கியத்தில் ஆள்கிறார்? பயனாளி யார் என்று முதலில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் நூலின் அமைப்பே மாறிவிடுகிறது. நான் வகுப்பில் இரண்டையும் மேசையில் வைத்து ஒரே சொல்லைத் தேடச் சொல்வேன். அதற்குப் பிறகு விரிவுரை தேவைப்படாது.

மழலையர் பள்ளியில் வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசச் சொல்கிறார்கள். பேசலாமா?

உங்களுக்கு எந்த மொழியில் கதை சொல்லவும், கேலி செய்யவும், கோபப்பட்ட பிறகு சமாதானப்படுத்தவும் வருமோ அந்த மொழியில் பேசுங்கள். ஒரு மொழியில் ஆழமாக வளர்ந்த சிந்தனைத் திறன் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்று ஜிம் கம்மின்ஸ் 1979-லிருந்து வாதிட்டு வருகிறார். அதற்கு ஆதரவான ஆய்வுகள் நிறைய. "கம், ஈட், ஸிட்" என்ற இருபது கட்டளைகளோடு நின்றுவிடும் வீட்டு ஆங்கிலத்தில் பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு மொழியிலும் பட்டினிதான். தாத்தா, பாட்டி, அத்தை, மாமாவோடு தமிழில் சண்டை போடும் பிள்ளைக்கு ஆங்கிலம் வராமல் போய்விடாது. வீட்டில் உண்மையிலேயே இரண்டு மொழியும் இயல்பாகப் புழங்கினால் இரண்டிலும் பேசுங்கள். குழந்தை குழம்பிவிடும் என்ற பயம் வேண்டாம்.

நீதிமன்றம், காவல் நிலையம் பற்றியெல்லாம் இந்தத் துறை பேசுமா?

பேசும். லண்டனில் டிமோதி எவன்ஸ் என்பவர் கொலைக் குற்றத்துக்காக 1950-ல் தூக்கிலிடப்பட்டார். உண்மைக் குற்றவாளி வேறொருவர் என்று பின்னர் வலுவான ஐயம் எழுந்து, 1966-ல் எவன்ஸுக்கு மரணத்துக்குப் பிந்தைய மன்னிப்பு வழங்கப்பட்டது. 1968-ல் ஸ்வீடனைச் சேர்ந்த யான் ஸ்வார்ட்விக், எவன்ஸ் காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலங்களின் வாக்கிய அமைப்பை ஆராய்ந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்வதாக இருந்த பகுதிகளின் நடையும் மற்றப் பகுதிகளின் நடையும் ஒன்றாக இல்லை. தடயவியல் மொழியியல் என்ற கிளைக்கு இதையே தொடக்கமாகச் சொல்வார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் ஊர் வாக்குமூலம் எதையாவது புரட்டிப் பாருங்கள். "நான் மேற்படி விலாசத்தில் என் குடும்பத்துடன் குடியிருந்து வருகிறேன். கூலி வேலை செய்து வருகிறேன்." காசிமேட்டு மீனவரும் மயிலாப்பூர் ஓய்வூதியரும் அசாமிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியும் காவல் நிலையத்துக்குள் போனால் ஒரே தமிழில் பேசுகிறார்கள்! எழுதுகிறவரின் நடை அது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாட்சி சொன்ன சொல் எது, எழுத்தர் சேர்த்த சொல் எது என்பது விசாரணையில் முக்கியமாகும் நாளில் அதைப் பிரித்துக் காட்டும் பயிற்சி பெற்றவர்கள் இங்கே மிகச் சிலரே.

மருத்துவமனையிலும் இதே கதை. "மயக்கமாக வருகிறது" என்று நோயாளி சொல்வது தலைச்சுற்றலாக இருக்கலாம், கண் இருட்டுவதாக இருக்கலாம், நினைவு தப்புவதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருத்துவர் தேடும் காரணங்கள் வேறு. அனுபவமுள்ள செவிலியர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுத் தெளிவாக்கிவிடுவார். அவர் கேட்கும் அந்த இரண்டு கேள்விகளை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, மற்றவர்களுக்குப் பயிற்சியாக மாற்றுவது நம் வேலை.

தொல்காப்பியம், நன்னூல் படித்தவர்களுக்கு இது எளிதாக இருக்குமா?

வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருப்பதால் பாதித் தூரம் எளிது. பேச்சு மொழித் தரவை முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்ளப் பழக வேண்டும். சிலருக்கு அதுதான் கஷ்டம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தத் துறை எதற்கு?

இயந்திர மொழிபெயர்ப்பும் பேச்சுணர் நிரல்களும் கணினி மொழியியலின் வேலை, ஐ.ஐ.டி. மெட்ராஸில் இந்திய மொழிகளுக்காக அது தீவிரமாகவே நடக்கிறது. 1999-ல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு விசைப்பலகை அமைப்பைத் தீர்மானித்ததிலிருந்து இந்த நகரத்துக்கு அதில் பங்கு உண்டு. நம் கேள்வி வேறு. நிரல் தரும் தமிழ் யாருடைய தமிழ், அரசு அலுவலகத்தில் அதை நம்பிப் படிவம் நிரப்பும் முதியவருக்கு அது புரிகிறதா, தவறினால் யார் பொறுப்பு? கருவி கூடக்கூட இந்தக் கேள்விகளும் கூடுகின்றன.

துறைக்குள் அடையாளச் சண்டை ஓயாமல் நடக்கிறது என்கிறார்களே, அது பலவீனம் இல்லையா?

சண்டை உண்மை. ஒரு தரப்பு, மொழியியலே தாய்த்துறை, அதை விட்டு விலகினால் பயன்பாட்டு மொழியியலர் எல்லாம் தெரிந்த, எதிலும் ஆழமில்லாத ஆளாகிவிடுவார் என்கிறது. இன்னொரு தரப்பு, சிக்கல்தான் தலைமை, துறை எல்லைகள் பல்கலைக்கழக நிர்வாகத்தின் வசதிக்காகப் போட்டவை என்கிறது. மூன்றாவது தரப்பு இன்னும் கடுமையாகக் கேட்கிறது: எது சிக்கல் என்று முடிவு செய்வது யார்? 2001-ல் அலஸ்டர் பெனிகுக் எழுதிய நூலோடு 'விமர்சனப் பயன்பாட்டு மொழியியல்' என்ற பெயர் நிலைபெற்றது. அந்தத் தரப்பில் நம்மவர்களின் குரல் ஓங்கியே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பாடம் நடத்திய சுரேஷ் கனகராஜா, போர்க்கால வகுப்பறையில் மாணவர்கள் ஆங்கிலப் பாடநூலை எப்படித் தங்கள் போக்குக்கு வளைத்துக்கொண்டார்கள் என்பதை 1999-ல் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த பா. குமாரவடிவேலு, மேற்கில் தயாராகும் கற்பித்தல் முறைகளை அப்படியே இறக்குமதி செய்யும் காலம் முடிந்துவிட்டது, ஆசிரியரே தன் சூழலுக்கேற்ற கோட்பாட்டை உருவாக்க வேண்டும் என்று 1994-ல் வாதிட்டார். இருவரும் இன்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுபவர்கள். நம் தமிழ்த் துறைகளில் அவர்கள் பெயரைக் கேட்டால் பலருக்கும் தெரியாது.

என் கட்சி இரண்டாவதும் மூன்றாவதும் கலந்தது. ஆனால் முதல் தரப்பின் எச்சரிக்கையை மாணவர்களிடம் மறைப்பதில்லை. ஒலியனும் (பொருளை வேறுபடுத்தும் ஒலி) உருபனும் (பொருள் தரும் மிகச் சிறிய சொற்கூறு) தெரியாமல் 'மொழியும் அதிகாரமும்' என்று ஆய்வேடு எழுத வருபவர்களை முதல் பருவத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எங்கே படிக்கலாம், என்ன வேலை கிடைக்கும்?

சென்னையில் பெரும்பாலும் முதுகலை ஆங்கிலத்திலோ மொழியியலிலோ ஒரு பகுதியாகத்தான் கிடைக்கும். சேருமுன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேர்வு வடிவமைப்பு, களப்பணி, புள்ளியியல் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். வெளியூர் போகத் தயார் என்றால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம், ஹைதராபாத் இஃப்ளூ ஆகியவற்றைப் பாருங்கள். 1969-ல் தொடங்கிய மைசூர் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனத்தில் ஆய்வுத் திட்டங்கள் நடக்கின்றன.

வேலை என்றால் ஆசிரியர் பணி, பாடநூல் எழுதுதல், தேர்வு வடிவமைப்பு, அகராதி, மொழிபெயர்ப்பு நிறுவனங்கள், மொழித் தொழில்நுட்ப நிறுவனங்களில் தரவுப் பணி. ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே திருத்திவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டுத் திக்குவாய்க்கோ பேச்சுக் குறைபாட்டுக்கோ சிகிச்சை தர முடியாது. அதற்குப் பேச்சு, செவித்திறன் சார்ந்த தனிப் பட்டமும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் வேண்டும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற இடங்களில் அந்தப் படிப்பு இருக்கிறது.

ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்புச் சொல்லுங்கள்.

தலைப்பைச் சொல்ல மாட்டேன், இடத்தைச் சொல்கிறேன். கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது மாநில விதி. சவுகார்பேட்டையில் ஒரு தெரு, தியாகராய நகரில் ஒரு தெரு, பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பலகையையும் படம் எடுத்து அளந்து பாருங்கள். மெட்ரோ ரயில் பணி நடக்கும் இடங்களில் எச்சரிக்கை எந்த மொழியில், யாருக்காக எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கோயம்பேடு சந்தையில் வட மாநில இளைஞர்கள் எந்தத் தமிழ்ச் சொற்களை முதலில் கற்கிறார்கள், யாரிடமிருந்து கற்கிறார்கள் என்று கேளுங்கள். எண்கள், எடை, விலை முதலில் வருமென்று நினைக்கிறேன். ஆனால் ஆய்வு என் நினைப்பைச் சோதிப்பதற்குத்தானே? தேர்வுகளில் ஆர்வம் இருந்தால், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் 2021 டிசம்பர் அரசாணையின்படி கட்டாயமாக்கப்பட்ட தமிழ்த் தாளும் அதன் 40 சதவீதத் தகுதிக் கோடும் காத்திருக்கின்றன. அந்தக் கோட்டைத் தாண்டியவரால் பொதுமக்களுக்குப் புரியும்படி ஒரு பதில் கடிதம் எழுத முடிகிறதா?

மனிதர்களின் பேச்சைப் பதிவு செய்வதாக இருந்தால் அவர்களிடம் எழுத்திலோ ஒலிப்பதிவிலோ ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதல் படிவத்தை அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். எழுதிய பிறகு இருவரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லக் கேளுங்கள். மருத்துவமனை, காவல் நிலையம், பள்ளி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே மாதக்கணக்கில் ஆகும், ஆகவே முதல் பருவத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.